நீலப்பல் ராஜாவும் ஜெராக்ஸ் கடையும்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் ஒரு தாலுகா ஆபீஸ். அதன் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். நாலு ஏக்கர் குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தார். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். சிட்டாவைப் பேரன் போனிலேயே இறக்கிக் கொடுத்திருக்கிறான். அது பிடிஎஃப் கோப்பாகத் திரையில் இருக்கிறது. காகிதத்தில் வரவேண்டும், அவ்வளவுதான்.

"வாட்ஸ்அப்ல போடுங்க ஐயா, நம்பர் செவுத்துல இருக்கு" என்றது கடையில் இருந்த பெண்.

பெரியவர் சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மேசைமேல் இருந்த பிரிண்டரைப் பார்த்தார். "ஏம்மா, போன் இந்தா இருக்கு, மெஷின் அந்தா இருக்கு. கை நீட்டினா தொட்டுடலாம். நடுவுல எதுக்கு வாட்ஸ்அப்பு?"

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான். பதில் கொஞ்சம் நீளமானது.

வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தச் சிட்டா எப்படிப் போகிறது என்று முதலில் பார்ப்போம். போனிலிருந்து ரேடியோ அலையாகக் கிளம்பி அருகிலுள்ள டவருக்கு, அங்கிருந்து மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழை வழியே எந்த ஊரிலோ எந்த நாட்டிலோ உள்ள சர்வருக்கு, திரும்பவும் கண்ணாடி இழை வழியே கடையின் இணைய இணைப்புக்கு, கடைக் கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி வயரில் பிரிண்டருக்கு. அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மடையைத் திறக்காமல் மேட்டூருக்கு மனுப் போட்ட மாதிரி. ஆனாலும் இரண்டு மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் டெல்டா மாவட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே "போனிலிருந்து பிரிண்ட்" என்றால் இந்தச் சுற்றுவழிதான் நடைமுறை.

நேர்வழியும் உண்டு. இன்று விற்கும் பெரும்பாலான போன்களிலும் வைஃபை பிரிண்டர்களிலும் அது பிறவியிலேயே இருக்கிறது. அதைத் தடுப்பது தூரம் இல்லை. ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது, ஒரே மொழியில் பேசிக்கொள்வது, நம்புவது, இந்த மூன்றில்தான் சிக்கல். இதில் மொழிச் சிக்கல் நம் ஊரில் முந்நூறு ஆண்டுப் பழசு.

காவிரிப் பகுதியின் கிழக்கு விளிம்பில் தரங்கம்பாடி இருக்கிறது. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் அந்தக் கடற்கரைக் கிராமத்தை டென்மார்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். டேனிஷ் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் அனுப்பிய கடிதம், பனையோலை வடிவில் அடித்த தங்கத் தகட்டில் தமிழில் பொறித்தது, இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில், 1706-இல், டேனிஷ் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்றார். தமிழில் அச்சடிக்க ஆசைப்பட்டார்.

அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-இல் வந்து சேர்ந்தன. வந்தவை மிகப் பெரிய எழுத்துகள். அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பாலாடைக்கட்டி உறையில் பிறந்த எழுத்துகளால் 1714-இல் நற்செய்திகளும் 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் தமிழில் வெளிவந்தன. பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். காகிதம், எழுத்து, இயந்திரம் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில். இன்றைய ஜெராக்ஸ் கடைக்காரருக்குக்கூட அந்த வசதி கிடையாது.

ஈய எழுத்துக் காலத்தில் 'கொ' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று ஈயத் துண்டு: ஒற்றைக் கொம்பு, க, கால். இவற்றை வரிசையாகப் பொறுக்கி அடுக்குவது அச்சுக் கோப்பவரின் கை வேலை. கொம்பு முதலில் வரவேண்டும், உச்சரிப்பிலோ 'க' முதலில். கை இந்த முரணை யோசிக்காமலே சமாளித்துவிடும். கம்ப்யூட்டரால் அப்படி முடியாது. தொண்ணூறுகளில் வந்த தமிழ் எழுத்துருக்கள் அச்சுக் கோப்பவரை அப்படியே காப்பியடித்தன: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்த் துண்டுகளை உட்கார வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சு செய்ய வைத்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, பாமினி இல்லாத கடையில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத் துண்டுகளாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையோ கருமாதி அழைப்போ, பென் டிரைவில் கொண்டுபோய் இந்தக் கோலத்தைப் பார்த்து நொந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. நானும் அதில் ஒருவன்.

யூனிகோடு வேறு வழியில் போயிற்று. அதில் 'கொ' என்பது ஒலி வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது: முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை இழுத்து முன்னால் வைப்பதும் காலைப் பின்னால் வைப்பதும் திரையில் காட்டும் நேரத்தில் ஒரு மென்பொருள் செய்யும் வேலை. ஈயத் துண்டுகளை அடுக்கிய அந்த அச்சுக் கோப்பவர் இப்போது உங்கள் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'பிரிண்ட்' என்று அமுக்கியதும் அவர் இன்னொரு வேலையும் செய்கிறார். பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கிவிடுகிறார்.

ஏ4 தாளை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் பிரித்தால் குறுக்கே 4,960, நெடுக்கே 7,016. பெருக்கினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று சொன்னால் போதும். பிரிண்டருக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை, கொம்பு தெரியவேண்டியதில்லை, அது படிப்பது எழுத்தே இல்லை, கோலத்துக்கு வைக்கும் புள்ளி. 3 கோடியே 48 லட்சம் புள்ளி என்றால் நாலரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சிட்டா மாதிரி ஒரு பக்கத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளை. "அடுத்த நாலாயிரம் புள்ளி வெள்ளை" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சுருக்கியபின் அனுப்பவேண்டியது கொஞ்சமே மிஞ்சும். சில பிரிண்டர்கள் பிடிஎஃப் கோப்பையே வாங்கிக்கொண்டு புள்ளியாக்கும் வேலையைத் தாமே செய்யும். எதை எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

எப்படிக் கேட்பது? இங்கே ஒரு தண்டோரா போடப்படுகிறது.

ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் 224.0.0.251 என்றொரு பொது முகவரி உண்டு. ஊர்ச் சாவடி மாதிரி. அங்கே போய் நின்று யார் கூவினாலும் எல்லாருக்கும் கேட்கும். பிரிண்ட் பட்டியலை நீங்கள் திறந்ததும் போன் அந்தச் சாவடியில் "இந்த ஊரில் பிரிண்டர் யார் யார்?" என்று கூவுகிறது. பிரிண்டர் உடனே பதில் குரல் கொடுக்கிறது: என் பெயர் இது, என் வாசல் எண் 631, பிடிஎஃப் தெரியும், இரண்டு பக்கமும் அடிப்பேன், கலர் கிடையாது. இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். அந்த 631 என்பது இணைய வழி அச்சுக்கென்றே ஒதுக்கிய எண். பிரிண்டருக்குப் பேசத் தெரிந்த அந்த நெறிமுறை 1990-களின் கடைசியில் உருவானது.

இந்தச் சாவடி ஏற்பாட்டின் முக்கியச் சிற்பி ஆப்பிளில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் செஷயர் என்பவர். பாலாடைக்கட்டிச் செஷயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் தரங்கம்பாடிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆப்பிள் 2010 நவம்பரில் இந்தத் தண்டோராவின் மேல் ஏர்பிரிண்ட் என்ற வசதியைக் கட்டியது. அதுவரை ஒவ்வொரு பிரிண்டருக்கும் 'டிரைவர்' என்ற தனி மென்பொருளை நிறுவவேண்டும். சிடி தொலைந்தால் பிரிண்டர் பெட்டியாகிவிடும். ஏர்பிரிண்டுக்கு டிரைவர் வேண்டாம். 2013-இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி ஆண்ட்ராய்டு உலகுக்கும் அதே வழியைக் கொண்டுவந்தன. கூகுள் வேறொரு பாதையில் போய்ப் பார்த்தது: பிரிண்டரை நேரே இணையத்தில் சேர்த்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அடிக்கலாம் என்றது. அந்த கிளவுட் பிரிண்ட் சேவையை 2020 டிசம்பர் 31-ஆம் தேதி மூடிவிட்டார்கள். நம் ஜெராக்ஸ் கடைகள் வாட்ஸ்அப்பைக் கொண்டு, யாரும் சொல்லித்தராமல், கூகுள் கைவிட்ட அதே சேவையை நடத்திக்கொண்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

பிரிண்டர் பட்டியலில் வரவில்லை என்று வீட்டில் திட்டுபவர்களுக்கு: பத்தில் ஒன்பது தடவை தண்டோரா சாவடிக்கே போய்ச் சேர்ந்திருக்காது. போன் மொபைல் டேட்டாவில் இருக்கும், பிரிண்டர் வைஃபையில் இருக்கும். அல்லது ரௌட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருப்பார்கள். அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி சுவர் எழுப்பியிருக்கும். அலை பலமாக வருகிறது, கோடுகள் நாலும் நிறைந்திருக்கின்றன, ஆனாலும் பிரிண்டர் தெரியாது. ஒரே தெருவில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.

அலை என்றதும் ஒரு விஷயம். வைஃபை என்பது ஒரே வாய்க்காலில் பல வயல்களுக்குப் பாய்ச்சுவது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இரண்டும் குழம்பிவிடும். நம் ஊர் முறைப்பாசனத்தில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஓர் ஆள் இருப்பார். சாதாரண வைஃபையில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். வாய்க்கால் சும்மா இருந்தால், குருட்டாம்போக்கில் ஒரு சிறு நேரம் காத்திருந்து பேசும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இருவரும் விலகி, இன்னும் கொஞ்சம் நீளமாகக் காத்திருப்பார்கள். மண்டை உடையாமல் தண்ணீர் பாய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். நம் உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே சிக்னல் சோர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் மேசைமேல் இருக்கும் பெரிய பிரிண்டரின் கதை. டெல்டாவில் எண்ணிக்கையில் அதிகம் புழங்குவது உள்ளங்கையில் அடங்கும் பிரிண்டர்தான். பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின், உரக்கடை பில், மின் அளவீட்டு ரசீது, பெட்டிக்கடைக்காரர் போனோடு கோத்து வைத்திருக்கும் குட்டிப் பெட்டி. மை கிடையாது. பாட்டரியில் ஓடும். கண்டக்டர் மெஷினில் எல்லாம் ஒரே உடம்பு. பெட்டிக்கடையில் போன் தனி, பிரிண்டர் தனி, நடுவில் ப்ளூடூத்.

ப்ளூடூத் என்றால் நீலப்பல். பத்தாம் நூற்றாண்டில் ஹரால்டு என்று ஒரு ராஜா, நீலப்பல் என்பது அவருக்குப் பட்டப்பெயர். சிதறிக் கிடந்த குழுக்களை ஓர் ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய குறுந்தூர ரேடியோ வேலைக்கு, கம்ப்யூட்டர்காரர்களையும் போன்காரர்களையும் ஒன்று சேர்க்கும் தொழில்நுட்பம் என்பதால், அந்த ராஜாவின் பெயரைச் சொன்னவர் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக். தற்காலிகப் பெயர் என்றுதான் வைத்தார்கள், நிலைத்துவிட்டது. போனில் பார்க்கும் அந்த நீலச் சின்னம், ராஜாவின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் லிபியில் ஒன்றாகக் கோத்தது.

ஹரால்டு எந்த நாட்டு ராஜா? டென்மார்க். தங்க ஓலை வாங்கிய கிறிஸ்டியனும், சீகன்பால்கை அனுப்பிய பிரெடெரிக்கும் உட்கார்ந்த சிம்மாசனத்தில் அவர்களுக்கு அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் முன்னால் உட்கார்ந்தவர். காவிரிப்படுகையில் அச்சடிக்க வரும்போதெல்லாம் ஒரு டேனிஷ் ராஜா தலைகாட்டுகிறார். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் பொறையாறு பஸ்ஸில் போகும்போது ப்ளூடூத் சின்னத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வைஃபை போலவே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ப்ளூடூத்தும் ஓடுகிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 79 சிறு தடங்களுக்கு நடுவே விநாடிக்கு 1,600 முறை தாவுகிறது. எந்தத் தடத்துக்கு அடுத்துத் தாவுவது என்று இரண்டு கருவிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கும். ஒரு தடத்தில் இடையூறு இருந்தாலும் அடுத்த தாவலில் தப்பிவிடலாம். ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசைக்காரர் ஜார்ஜ் ஆண்டைலும் 1942-இல் காப்புரிமை பெற்ற யோசனையும் இதே வகையைச் சேர்ந்தது. டவர் தேவையில்லை, இணையம் தேவையில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரை கடந்த பிறகு நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் டவரும் இல்லை. அப்படி ஒரு நாளில்கூட, போனில் சார்ஜ் இருந்தால், பக்கத்திலிருக்கும் பாட்டரிப் பிரிண்டருக்கு ப்ளூடூத்தில் ஒரு ரசீது அனுப்ப முடியும். வாட்ஸ்அப் சுற்றுவழியால் அது முடியாது.

இந்தக் குட்டிப் பிரிண்டர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உரக்கடையில் தமிழில் பேசி, தமிழில் பேரம் பேசி, கடைசியில் கையில் வாங்கும் பில் ஆங்கிலத்தில் இருக்கும். ஏன் என்று கேட்டால் "மெஷின்ல தமிழ் வராது சார்" என்பார்கள். பாதி உண்மை.

58 மில்லிமீட்டர் அகலக் காகிதம் ஓட்டும் சாதாரணப் பிரிண்டரில் குறுக்கே 384 சூடேறும் புள்ளிகள், மில்லிமீட்டருக்கு எட்டு. உள்ளே ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன. ஒரு வரியில் 32 எழுத்து. எழுத்துக்கு ஒரு பைட். வரிக்கு 32 பைட் அனுப்பினால் போதும். தமிழ் எழுத்துகள் உள்ளே பதிந்திருப்பதில்லை. ஆகவே வரியைப் படமாக அனுப்பவேண்டும். 384 புள்ளிக்கு 48 பைட். எழுத்தின் உயரம் 24 புள்ளி. 48-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,152 பைட். ஆங்கில வரியைவிடத் தமிழ் வரி 36 மடங்கு கனம்.

36 மடங்கு என்றதும் மலைப்பாக இருக்கிறது அல்லவா? கணக்கை முடித்துப் பாருங்கள். இருபது வரி பில் என்றால் 23 ஆயிரம் பைட். கொம்பும் கொக்கியும் இடிக்காமல் இருக்க உயரத்தை ஒன்றரை மடங்காக்கினாலும் 35 ஆயிரத்தைத் தாண்டாது. பழைய ப்ளூடூத்கூட இதை ஒரு விநாடியில் அனுப்பிவிடக்கூடியது. நடைமுறைத் தடங்கல்களையும் சேர்த்தால் இரண்டு மூன்று விநாடி. கடைக்காரர் சில்லறை எண்ணி எடுப்பதற்குள் வந்துவிடும். போனுக்குள்தான் அச்சுக் கோப்பவர் சும்மா இருக்கிறாரே! வரியைப் படமாக்க அவருக்குச் சில மில்லிவிநாடிகள் போதும். தமிழ் பில் வராததற்கு மெஷின் காரணமில்லை. செயலி எழுதியவர் அந்தச் சில வரி நிரலை எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை.

குட்டிப் பிரிண்டரில் மை இல்லை என்றேன். மை காகிதத்திலேயே இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் குபீரென்று சிவக்கிறதே, அந்த மாதிரி வித்தைதான். மஞ்சளுக்குக் காரம் தேவை, இதற்கு அமிலம். நிறமில்லாத ஒரு சாயமும் லேசான அமிலத்தன்மை உள்ள ஒரு பொருளும் தூளாகக் காகிதத்தின் மேற்பூச்சில் அருகருகே இருக்கின்றன. சூடான புள்ளி தொட்டதும் இரண்டும் உருகிக் கலந்து, சாயம் கறுக்கிறது. பிரிண்டருக்கு மை வாங்கும் செலவு மிச்சம். ஆனால் இந்தக் கலப்பு நிரந்தரமில்லை. வெயில், எண்ணெய்க் கை, சானிடைசர் எதுவானாலும் அதைப் பிரித்துவிடும். வங்கிப் புத்தகத்துக்குப் போடும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து ரசீதை வெளுக்க வைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று எதில் செருகி வைக்கிறோமோ அதுவே தின்றுவிடுகிறது. இன்னொருவர் ஒரு படி மேலே போய், முக்கியமான ரசீது என்று லேமினேஷன் போடக் கொடுத்தார். உருளைச் சூட்டில் காகிதம் முழுக்க ஒரே கறுப்பாக வெளியே வந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். வேறு யாருமில்லை, என் மாமா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெப்ப ரசீது எது வந்தாலும் அன்றே போனில் ஒரு படம், முக்கியமானால் ஒரு ஜெராக்ஸ்.

ஜெராக்ஸ் நிலைக்கும். அதில் காகிதத்தில் ஒட்டுவது கரிநிறப் பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகி நாரோடு கலந்துவிடும். செஸ்டர் கார்ல்சன் என்ற காப்புரிமை வேலைக்காரர் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாப் பகுதியில் இதை முதலில் செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து நிலைமின்சாரம் ஏற்றி, ஊரும் தேதியும் எழுதிய கண்ணாடித் துண்டை வைத்து வெளிச்சம் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் ஓடிவிட்டது. எழுத்தின் நிழலில் மட்டும் தங்கியது. தூளைத் தூவினால் அங்கே மட்டும் ஒட்டியது. 1959-இல் அறிமுகமான ஜெராக்ஸ் இயந்திரமும், அதே நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் கண்ணாடித் துண்டுக்குப் பதில் லேசர் கதிரை ஓடவிட்டு உருவாக்கிய லேசர் பிரிண்டரும் இதே வித்தையின் வாரிசுகள். கடையில் இருந்ததும் அதுதான்.

ஜெராக்ஸ் என்ற பெயரின் வேர் 'உலர்ந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். உலர் எழுத்து. அந்த உலர் எழுத்தை ஐப்பசியில் காவிரிப்படுகையில் எழுதச் சொல்கிறோம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லி ஆண்டுதோறும் கோரிக்கை எழும். காகிதத்துக்கும் ஓர் ஈரப்பத வரம்பு உண்டு. ஆலையிலிருந்து வரும்போது ஏறக்குறைய 5 சதவீதம். கட்டைப் பிரித்து மழைக்காலத்தில் திறந்து வைத்தால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சி இரண்டு மடங்காகிவிடும். நெல்லும் காகிதமும் தாவரத்திலிருந்து வந்தவைதானே, குணம் போகுமா? ஈரக் காகிதம் மின்சாரத்தைக் கசியவிடும். தூளை இழுக்கக் காகிதத்தின் முதுகில் ஏற்றும் மின்னூட்டம் நிற்காமல் ஓடிப்போக, எழுத்து வெளிறிப்போகும். பிறகு கிட்டத்தட்ட 200 டிகிரியில் இருக்கும் உருளைக்குள் காகிதம் நுழையும்போது அந்த ஈரம் ஆவியாகி, தாள் அப்பளமாகச் சுருண்டு, நடுவழியில் சிக்கும். பிரிண்டர் வாயிலிருந்து மெல்லிய புகை வருகிறதென்று சிலர் பதறுவார்கள். அது நீராவி. கடைப் பெண் காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் உறையோடு அரிசி டின்னில் போட்டு மூடி வைத்திருந்தது. பிரிண்டர் கையேட்டில் பார்த்தா என்று கேட்டேன். "இல்ல சார், அப்பளத்துக்கு எங்கம்மா அப்படித்தான் வைப்பாங்க."

நம்பிக்கைச் சிக்கலைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லமுடியும், ஏனென்றால் அதற்கு இன்னும் தீர்வில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரும் வங்கிப் புத்தகமும் கடைக் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகின்றன. நாள் முழுக்க நூறு பேருடையது. கடைக்காரர் நல்லவர்தான், அழிக்க நேரம் இருக்காது. நேரே பிரிண்டருக்கு அனுப்பினால் அந்தக் கோப்பு கடைக் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. சுற்றுவழியே போவதானால் ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த வடிவத்தைக் கொடுக்கலாம், அடித்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லலாம். சிட்டாவைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, சர்வே எண்ணின் உட்பிரிவு மங்கிவிடும். 3-க்கும் 8-க்கும் சண்டை வந்தால் வயலே மாறிவிடும்.

பெரியவரின் கேள்விக்கு இதையெல்லாம் அங்கேயே நின்று சொல்ல முடியுமா? கடைப் பெண்ணிடம் வைஃபை கடவுச்சொல் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னது. பெரியவர் போனில் போட்டு, சிட்டாவைத் திறந்து, பிரிண்ட் என்று அமுக்கினேன். தண்டோரா போயிற்று. திரையில் இரண்டு பெயர் வந்து நின்றன.

"ரெண்டு மெஷின் காட்டுதே, உங்ககிட்ட ஒண்ணுதானேம்மா இருக்கு?" என்றார் பெரியவர்.

"பக்கத்து ஸ்டுடியோவுக்கும் எங்களுக்கும் ஒரே கனெக்ஷன் ஐயா, பணம் பாதிப்பாதி. மேல இருக்கிறத அமுக்குங்க."

பெரியவரின் விரல் பெரிது. உழவு விரல். அமுக்கினார். எங்கள் எதிரே இருந்த பிரிண்டர் அசையவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கடையிலிருந்து குரல் வந்தது.

"யாருப்பா அது, போட்டோ பேப்பர்ல சிட்டா அடிக்கிறது?"